மண்தொட்டிக்கு மாறும் கள்ளிச் செடி: அழுகாமல் காப்பது விற்பவர் பொறுப்பு



மளிகை, பாத்திரம், பேன்சி என்று கடை நடத்துகிற நம்மில் பலர் இப்போது வாசலில் ஒரு தட்டு போட்டுச் சின்னஞ்சிறு கள்ளிச் செடிகளையும் வைத்து விற்கிறோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையிலும், கோவளம் தொடங்கித் தெற்கே நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நர்சரிகளும் மண்பாண்டக் கடைகளும் பெருகிவிட்டன. கலியாண வீடுகளில் தேங்காய்ப் பைக்குப் பதிலாக ஆளுக்கொரு சிறு தொட்டி கொடுக்கும் வழக்கமும் வந்துவிட்டது. வியாபாரத்துக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் இந்தச் சரக்கில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் வந்த செடியை அழகான மண்தொட்டிக்கு மாற்றிக் கொடுக்கிறோம். வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பதினைந்து நாளில் அது அடியில் குழைந்து சாய்ந்துவிடுகிறது.

கடையில் வீணான சரக்கு நம் கணக்கில் ஒரு தடவை நட்டம். வாடிக்கையாளர் வீட்டில் வீணானது அப்படியல்ல. அவர் பெரும்பாலும் நம்மிடம் வந்து சண்டை போடுவதில்லை. “என் கைக்குச் செடி ராசியில்லை” என்று தன்னையே நொந்துகொண்டு, அடுத்த செடி வாங்காமல் இருந்துவிடுகிறார். அல்லது “மண்தொட்டியில் வைத்ததால்தான் அழுகியது” என்று முடிவு கட்டிப் பிளாஸ்டிக்குக்கே போய்விடுகிறார். செடியும் தொட்டியும் விற்கிற நமக்கும், சூளை வைத்துப் பிழைக்கிற மண்பாண்டத் தொழிலாளிக்கும் இரண்டுமே கேடு. மண்தொட்டிகளை மொத்தமாக வாங்கி விற்கிறவன் என்ற முறையில், இதற்கு என்ன காரணம், என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வயலில் சாகாதது தொட்டியில் ஏன் சாகிறது?

சப்பாத்திக்கள்ளி, திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி, பிரண்டை, சோற்றுக்கற்றாழை, மருள் இவையெல்லாம் நம் பக்கத்து வேலியோரங்களிலும் பாறைச் சரிவுகளிலும் யாரும் கவனிக்காமலே வளர்கின்றன. நம் மாவட்டத்து ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டித் தீர்க்கிறது. அந்த மழையிலும் அவை நிற்கின்றன. காரணம், சரிவிலும் மணலிலும் விழுந்த நீர் வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறது. வேர் மறுபடியும் காற்றுப் படுகிறது. ஆகவே மழை கள்ளியைக் கொல்வதில்லை. வேரடியில் தேங்கி நிற்கிற நீர்தான் கொல்கிறது.

வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் நீரே நிரம்பி நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகிறது. செத்த வேரிலும், மாற்றும்போது ஒடிந்த வேரின் காயத்திலும் ஈரத்தில் வாழும் பூஞ்சணங்களும் பாக்டீரியாக்களும் நுழைகின்றன. தண்டு முழுக்க நீரைச் சேர்த்து வைத்திருக்கும் செடி ஆதலால், உள்ளே நுழைந்த அழுகல் வெகுவேகமாக மேலே ஏறிவிடுகிறது. வெளியே தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இந்தச் செடிகளுக்குத் தாகம் குறைவு என்பதற்கு நம் தென்னாட்டோடு தொடர்புள்ள ஒரு சான்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானியில் தாவர ஆய்வாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன் என்பவர், ரணகள்ளி இலையைக் காலையில் வாயிலிட்டால் புளிப்பாகவும், வெயில் ஏறிய பிறகு சுவையற்றும் இருப்பதைக் கவனித்து எழுதினார். லின்னேயச் சங்கம் 1815இல் அதை அச்சிட்டது. இதன் காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளையைத் திறக்கின்றன. இவை பகல் வெயிலில் அதை மூடிக்கொண்டு இரவில் திறந்து காற்றை இழுத்துப் புளிப்பாகச் சேமித்து வைக்கின்றன. பகலில் அதைச் செலவழிக்கின்றன. இதனால் உடம்பிலுள்ள நீர் வெளியே போவது மிகக் குறைவு. செலவு குறைந்த வீட்டில் வரவைக் கொட்டினால் எங்கே வைப்பது? தொட்டியில் அதுதான் நடக்கிறது.

வந்து சேரும் சரக்கின் நிலை

நம் கடைக்கு வரும் சிறு செடிகளில் நிறைய, காலிம்போங், புனே, பெங்களூரு போன்ற ஊர்களின் நர்சரிகளில் வளர்ந்தவை. லாரியில் பாரம் குறைய வேண்டும் என்பதற்காகத் தேங்காய் நார்க்கழிவில் நட்டு அனுப்புகிறார்கள். நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். வளர்ப்பவர் கணக்குப் பார்த்து நீர் விடும் பண்ணையில் அது நல்ல சரக்கு. நம் கடற்கரையின் புழுக்கத்தில் அது லேசில் காய்வதில்லை. செடியை அந்த நார்க்கட்டியோடு அப்படியே தூக்கி மண்தொட்டியில் வைத்துச் சுற்றிலும் மண் போட்டால், வெளிமண் காய்ந்திருக்கும், நடுவில் வேரைச் சுற்றி மட்டும் ஈரம் நிற்கும். மேல்மண் வறண்டிருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் மறுபடி தண்ணீர் விடுவார். சில செடிகளில் நாற்று விட்ட காலத்து வலைக்கிண்ணம் ஒன்றும் வேரைச் சுற்றி இருக்கும். அதையும் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

மண்தொட்டியில் பார்க்க வேண்டியவை

மண்தொட்டியின் பெருமையே அதன் சுவர் வழியாக ஈரம் வெளியேறுவதுதான். பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். கொள்முதலின்போது கீழ்க்கண்டவற்றைப் பார்த்து வாங்குங்கள்.

தட்டிப் பார்த்தால் ‘கணீர்’ என்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கும், அல்லது சரியாக வேகாத தொட்டி. அது மழையில் உதிரும். சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். அந்த இடம் ஈரம் பட்டுப் பொரிந்து தெறிக்கும்.

அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்காவது துளை வேண்டும். துளையில்லாத அலங்காரத் தொட்டியைச் செடியோடு சேர்த்து விற்காதீர்கள்.

உள்ளும் புறமும் பெயிண்ட் அடித்த தொட்டியும், பளபளப்புப் பூச்சு ஏற்றியதும் பெயருக்குத்தான் மண்தொட்டி. அவற்றின் சுவர் மூச்சு விடாது. வண்ணம் கேட்கும் வாடிக்கையாளருக்குக் கழுத்துப் பட்டையில் மட்டும் வண்ணம் தீட்டிக் கொடுக்கலாம்.

அளவு விஷயத்தில் ஆசை கூடாது. செடி இருந்த தொட்டியைவிட ஓரங்குலம் பெரிதாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

புதுத் தொட்டியை ஒரு நாள் நீரில் ஊறவைத்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். ஊறவைக்கும்போதே ஓட்டையும் விரிசலும் தெரிந்துவிடும்.

மழைக்காலத்தில் பச்சைத் தொட்டி காயாது, சூளையும் வைக்க முடியாது. ஆகையால் ஐப்பசிக்கு முன்பே தேவையான தொட்டிகளை வாங்கி வைக்கோல் இடுக்கிக் காய்ந்த இடத்தில் அடுக்கிவிடுவது நல்லது. தொழிலாளிக்கும் மழைக்கு முன் கையில் காசு சேரும்.

செங்கல்பட்டு மண்ணும் கடற்கரை மணலும்

செங்கழுநீர்ப் பூவால் பெயர் பெற்றது செங்கல்பட்டு என்பார்கள். ஏரிகள் நிறைந்த பகுதி. ஏரி வண்டல் நெல்லுக்கும் பானைக்கும் உகந்தது, கள்ளிக்கு ஆகாது. நனைந்தால் களியாகும், காய்ந்தால் இறுகிக் கல்லாகும். அங்கிருந்து 30 கிலோமீட்டரில் மாமல்லபுரம் போனால் நேர்மாறாக எங்கும் மணல். ஆனால் கடல் மணலில் உப்பு இருக்கிறது, பொடியாகவும் இருக்கிறது. அதையும் தொட்டியில் போடக்கூடாது.

எனவே கலவையை நாமே தயார் செய்ய வேண்டும். நான் சொல்வது எளிய கணக்கு: பருமனான சில்லு இரண்டு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய எருவும் கருக்கிய உமியும் சேர்ந்து ஒரு பங்கு. சில்லுக்கு உடைந்த செங்கல் மிக நல்லது. மிளகு முதல் கொண்டைக்கடலை அளவுவரை உடைத்துத் தூசியைச் சலித்துக் கழித்துவிடுங்கள். ஆற்று மணல் இப்போது அரிதாகிவிட்டதால் எம்-சாண்ட் சேர்ப்பவர்கள் அதிலுள்ள மாவைக் கழுவிவிட்டுச் சேர்க்க வேண்டும். உமி நம் அரிசி ஆலைகளில் கிடைக்கிறது. உடைந்த மண்தொட்டிகளையும் வீசாமல் சில்லாக்கலாம். கலவை சரிதானா என்று பார்க்க, தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் உடனே இறங்கி அடித்துளை வழியே ஓட வேண்டும்.

தொட்டியின் அடியில் கனமாக ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை வேறு. பொடிமண்ணிலுள்ள நீர், அந்த மண் முழுதாக நிறைந்து வழிந்தால்தான் கீழேயுள்ள ஜல்லிக்கு இறங்கும். ஆக, தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய ஈரம், ஜல்லியின் உயரத்துக்கு மேலேறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. துளையை மண் அடைக்காமலிருக்க ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். சில்லு கலவை முழுவதிலும் பரவியிருக்க வேண்டும்.

மாற்றி நடும் முறை

காலம்: தை, மாசி, பங்குனி மாதங்கள் உத்தமம். அக்னி நட்சத்திர வெயிலில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டவே வேண்டாம்.

முதலில், மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த வேர் எளிதில் ஒடியாது, மண்ணும் உதிரும்.

அடுத்து, செடியை எடுத்து நார்க்கழிவு முழுவதையும் விரலால் மெதுவாக உதிர்த்துவிடுங்கள். முள் செடியைச் செய்தித்தாளை மடித்துப் பட்டையாகச் சுற்றிப் பிடிக்கலாம். திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி இனங்களின் பால் கண்ணில் பட்டால் பெருந்தொல்லை. கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், சிறுவர்களிடம் விடாதீர்கள்.

பிறகு வேரைப் பாருங்கள். வெளுப்பாகவோ இளம்பழுப்பாகவோ கெட்டியாக இருந்தால் நல்ல வேர். கறுத்துக் குழைந்து நாறினால் கெட்டது. ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் கெட்டதை வெட்டிவிடுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். வேரை வெளியே விட்டு, நிழலில் காற்றோட்டமான இடத்தில் மூன்று முதல் ஐந்து நாள் செடியைச் சும்மா போட்டுவையுங்கள். காயம் காய்ந்து தோல் கட்டும். தண்டையே வெட்டியிருந்தால் ஒரு வாரம் முதல் பத்து நாள் வேண்டும். வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் தடவுபவர்கள் தடவட்டும். ஆனால் காய்வதற்கு அது ஈடாகாது. தண்டில் நீர் இருப்பதால் செடி இதற்குள் செத்துவிடாது.

ஐந்தாவது, உலர்ந்த கலவையில் நடுங்கள். முன்பு எந்த உயரம்வரை மண்ணில் இருந்ததோ அதே உயரம்தான். தண்டின் கழுத்தை மண்ணில் புதைக்கக்கூடாது.

கடைசியாக, நட்டவுடன் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐந்து முதல் ஏழு நாள் கழித்து, அடித்துளையில் வழியும்வரை ஒரு தடவை விடுங்கள். இரண்டு வாரம் வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, பிறகு சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

கூட்டிப் பார்த்தால் ஒரு செடி கடைக்கு வந்து மண்தொட்டியில் விற்பனைக்குத் தயாராக மூன்று வாரம் ஆகிறது. இங்கேதான் நாம் அவசரப்படுகிறோம். மாமல்லபுரம் சாலையில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம், “அண்ணாச்சி, காலையில மாத்துனேன், தண்ணி ஊத்துனேன், சாயங்காலமே வித்துப் போச்சு. நல்ல யாவாரம்தானே?” என்றார். “யாவாரம் சரிதான் தம்பி. வாங்குனவங்க யாராச்சும் மறுபடி வந்தாங்களா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வரல அண்ணாச்சி” என்றார். இப்போது அவர் மாற்றிய செடிகளைத் தேதி எழுதித் தனித் தட்டில் வைத்து, நாள் முடிந்த பிறகே முன்வரிசைக்குக் கொண்டுவருகிறார். நாம் எல்லோரும் கைக்கொள்ளலாம்.

கலியாண ஆர்டர் 200, 300 தொட்டி என்று வரும்போது மூன்று வாரம் முன்பே சொல்லச் சொல்லுங்கள். நேரமில்லை என்றால் செடியைப் பிளாஸ்டிக் தொட்டியோடு அப்படியே மண்தொட்டிக்குள் இறக்கிவைத்துக் கொடுத்து, பிறகு மாற்றும் முறையைச் சொல்லிவிடலாம். வேரைக் கலைத்து ஈரத்தோடு அட்டைப் பெட்டியில் மூடி அனுப்புவது அழுகலை அழைப்பதாகும்.

தண்ணீரும் உப்பும் மழையும்

“வாரம் ஒரு தடவை தண்ணீர்” என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லாதீர்கள். சித்திரை வெயிலில் சிறிய மண்தொட்டி சில நாளில் காய்ந்துவிடும், அப்போது தண்ணீர் கொடுக்கத்தான் வேண்டும். கார்த்திகையில் மூன்று வாரமானாலும் காயாது. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை அடிவரை குத்தி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மண் ஒட்டாமல் உலர்ந்து வந்தால் நீர் விடலாம். தூக்கிப் பார்ப்பது இன்னும் எளிது. மூட்டையைத் தூக்கியே எடை சொல்லும் நமக்கு ஈரத்தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் வித்தியாசம் தெரியாதா?

கடற்கரைப் பக்கம் ஆழ்குழாய் நீரில் உப்பு அதிகம். தொட்டிச் சுவரில் வெள்ளை பூத்து நிற்பது பெரும்பாலும் அந்த உப்புதான். தினம் கொஞ்சம் தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். விடும்போது வழிய விட்டு, மண் காய்ந்த பிறகே அடுத்த தடவை விட்டால் உப்பு கழுவிப்போகும். சேமித்த மழைநீர் கிடைத்தால் அதைவிட மேலில்லை.

மழைக்காலத்தில் தொட்டிகளைச் சன்ஷேடுக்குக் கீழ் கொண்டுவந்து இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடியில் நீர் பிடிக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். 2015 டிசம்பர் பெருமழை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற நாட்களில் சில நாள் தொடர்ந்து நனைந்தால் எந்தத் தொட்டிச் செடியும் தாங்காது. வானிலை அறிவிப்பு வந்தவுடன் முதலில் உள்ளே எடுக்க வேண்டிய சரக்கு இது.

எதை விற்பது, எதைத் தவிர்ப்பது?

அடீனியம், மருள் இனத்துப் பாம்புச் செடி, கற்றாழை, ஜேட், நம் நாட்டுக் கள்ளி வகைகள் ஆகியவை இந்தக் கடற்கரைக்குப் பொருந்துவன. ரோஜாப்பூப்போல அடுக்கிதழாக இருக்கும் எச்செவேரியா பார்க்க அழகு. ஆனால் இரவில் குளிர்கிற ஊர்ச் செடி அது. நம் புழுக்கத்தில் எளிதில் அழுகும். கேட்பவரிடம் அதைச் சொல்லி விற்பதே நாணயம். பச்சைத் தண்டின்மேல் சிவப்பு, மஞ்சள் உருண்டை ஒட்டிய கள்ளி, இரண்டு செடிகளை ஒட்டுக் கட்டியது. நெடுங்காலம் நிற்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அழுகத் தொடங்கிய செடி அடியில் மஞ்சளாகிக் கண்ணாடிபோல் தெரியும், தொட்டால் ஆடும், வாடை வரும். உடனே எடுத்து, பழுப்பு வளையம் துளியும் தெரியாத இடம்வரை மேலே மேலே வெட்டி, நல்ல தலையைப் பத்து நாள் காயவைத்து நட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் ஆரம்பத்திலேயே கொண்டுவந்தால் இதை நாமே செய்து கொடுக்கலாம். பத்து நிமிட வேலை. அவர் ஆயுசுக்கும் நம் கடையை மறக்கமாட்டார்.

உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு தொட்டியோடும் தமிழில் அச்சடித்த ஒரு சிறு சீட்டு கொடுங்கள். அதில் நான்கு வரி போதும்: மண் அடிவரை காய்ந்தபின் தண்ணீர், விடும்போது வழிய விடவும், தட்டில் நீர் நிற்கக்கூடாது, மழையில் உள்ளே வைக்கவும். கீழே நம் கடைப் பெயர் இருக்கட்டும். செடி உயிரோடு இருக்கும் வரையில் அந்தச் சீட்டும் அந்த வீட்டில் இருக்கும்.